குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் குழந்தைக் கூற்றும்

தோற்றுவாய்

தமிழ் இலக்கியப் பரப்பினைச் சங்க இலக்கியம், அற இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், இக்கால இலக்கியம் எனப் பகுத்துக் காண்பது நம் வழக்கம். இலக்கிய வரலாறு எழுதுவோர் குழந்தை இலக்கியத்தைப் பெரும்பாலும் இறுதிப் பகுதியில் வைத்து, ஓரிரு பெயர்களைச் சுட்டி அமைகின்றனர். ஒரு மொழியைப் பேசும் மக்கள் அனைவரும் முதன்முதலாகச் செவியேற்கும் இலக்கியம் எதுவோ, அதுவே ஆராய்ச்சியாளரின் நோக்கினைக் கடைசியாகப் பெறுகின்றது. குழந்தைப் பாடல் எளியது. எளியதில் ஆராய என்ன உள்ளது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை அழ. வள்ளியப்பாவின் வாழ்வையும் பாடல்களையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழில் குழந்தையைப் பற்றிப் பாடியோர் பலர். குழந்தைக்கு அறிவுரை பாடியோரும் பலர். குழந்தையின் கூற்றாகவே நின்று பாடுவதனைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் வள்ளியப்பா. அவர்தம் பாடல்களின் எளிமை, மரபை அறியாமையால் வந்த எளிமை அன்று. மரபு உட்கலந்து நிற்கும் எளிமை என்பது நம் கருத்து. அதனை முறையே காண்பாம்.

1. வாழ்க்கை

வள்ளியப்பா 1922 நவம்பர் 7 அன்று, அந்நாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த இராயவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. பள்ளிக் கல்வியைப் பிறந்த ஊரிலும் அதனை அடுத்த பகுதியிலும் பெற்றார். கல்லூரி புகுந்து தமிழ் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். பின்னாளில் பல்கலைக்கழகங்கள் இவர் சொல்லைக் கேட்கும் நிலை ஏற்பட்டமை கருதத் தக்கது.

1940ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்த வள்ளியப்பா, சக்தி காரியாலயத்தில் பணியிற் சேர்ந்தார். அதனை நடத்திய வை. கோவிந்தன் இராயவரத்தைச் சேர்ந்தவரே. அங்கே தி. ஜ. ர. எனப்பட்ட தி. ஜ. ரங்கநாதன் இளைஞராகிய வள்ளியப்பாவின் எழுத்தார்வத்தை அறிந்து ஊக்கினார். தெளிவும் சுருக்கமும் உடைய உரைநடைக்குப் பெயர் பெற்றவர் தி. ஜ. ர. அத்தகையவரின் அண்மை, சொற்செட்டினை ஓர் இயல்பாகவே இவரிடம் படியச் செய்திருத்தல் கூடும்.

1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்த வள்ளியப்பா, 1982இல் ஓய்வு பெறும் வரை வங்கி அலுவலராகவே வாழ்ந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பகற்பொழுது கணக்கேடுகளுக்கு உரியதாயிற்று. எஞ்சிய பொழுது குழந்தைகளுக்கு உரியதாயிற்று. எழுத்தே பிழைப்பாக அமையாமையால், விற்பனை கருதியோ பாடநூற் குழுவினரின் விருப்பம் கருதியோ எழுத வேண்டிய நெருக்கடி அவருக்கு நேரவில்லை எனலாம்.

23 பாடல்களைக் கொண்ட ‘மலரும் உள்ளம்’ என்னும் முதற்றொகுதி 1944இல் வெளிவந்தது. அப்போது ஆசிரியருக்கு அகவை இருபத்திரண்டு கூட நிறைந்திருக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1954இல், 135 பாடல்கள் அடங்கிய தொகுதி வெளிவந்தது. 1961இல் மற்றொரு தொகுதி தொடர்ந்தது. ‘சிரிக்கும் பூக்கள்’ வெளிவந்த பின்னர்க் ‘குழந்தைக் கவிஞர்’ என்னும் பெயர் இயற்பெயர் போலவே அவருக்கு நிலைபெற்றது.

2. மரபில் குழந்தையின் இடம்

வள்ளியப்பாவின் புதுமையை அறிய வேண்டுமாயின், அவருக்கு முன்னர்த் தமிழ்ச் செய்யுளில் குழந்தை எவ்விடம் பெற்றிருந்தது என்பதை அறிதல் வேண்டும். அவ்விடத்தை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதல் நிலை, குழந்தையைப் பாடுதல். பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய 188ஆம் புறப்பாட்டு, உணவினைத் துழாவியும் கவ்வியும் மேலே சிதறியும் மகிழும் குழந்தையை நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆயினும் அப்பாட்டில் பேசுவோர் பெற்றோரே; மயங்கி மகிழ்வோரும் அவரே. தொல்காப்பியப் புறத்திணையியல் குழவியையும் பாடுதற்குரிய பொருளாகக் கூறிற்று. அதனைப் பிள்ளைத்தமிழுக்குத் தோற்றுவாயாகக் காட்டுவது உரைமரபு. பத்துப் பருவங்களாக விரிந்த அவ்விலக்கியத்தில் குழந்தை பாட்டுடைத் தலைவனாய் உயர்ந்தது. எனினும் அது கேட்கப்படும் பொருளாகவும் போற்றப்படும் பொருளாகவும் இருந்ததேயன்றித் தானே வாய்திறந்து பேசவில்லை. தாலாட்டுவதும், செங்கீரை ஆடுக என்பதும், அம்புலியை அழைப்பதும் பிறர் குரல்களே.

இரண்டாம் நிலை, குழந்தையை நோக்கிப் பாடுதல். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை ஆகியன தலைமுறை தலைமுறையாகத் திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்டன. இவற்றின் பெருமை அளவிடற்கரியது. ஆயினும் இவற்றில் மிகுதியாகப் பயில்வன விதியும் விலக்கும் ஆகும். அறிந்தவர் ஆணையிடுவார், அறியாதவர் கேட்டு நிற்பார். பாரதியாரின் பாப்பா பாட்டு இந்நிலையில் ஒரு பெருந்திருப்பம். அங்கே ஆசிரியனின் இடத்தில் அன்புடைய தந்தை வந்து நிற்கின்றார். ஆணை கனிவாக மாறுகின்றது. எனினும், பேசுவோர் தந்தையும் கேட்போர் பாப்பாவும் என்னும் உறவு மாறவில்லை.

மூன்றாம் நிலை, குழந்தையாக நின்று பாடுதல். அகப்பாடல்களில் கூற்றுக்கு உரியோர் யாவர் என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுத்துக் கூறுகின்றது. பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி முதலாகக் கண்டோர் ஈறாக அமைந்த அவ்வரிசையில் சிறுவனுக்கு இடமில்லை. மருதத் திணையில் புதல்வன் பெற்றோரிடையே வாயிலாய் நிற்கின்றானேயன்றி, உரையாடுவோனாய் நிற்கவில்லை. இதற்கு ஒரு புறனடையும் உண்டு. ‘எம் சிற்றிலைச் சிதைத்தல் ஆகாது’ என்று சிறுமியர் கெஞ்சும் முறையில் அமைந்த பாடல்களை நாச்சியார் திருமொழியிலும், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்திலும் காண்கின்றோம். அவை சிறுமியர் கூற்றே. ஆயினும் அக்கூற்றின் முடிபு இறைவனையோ தலைவனையோ புகழ்வதாகும். சிறுமியரின் உலகம் அதற்குக் கருவியாகின்றது.

எழுதப்படாத இலக்கியத்தில் நிலை வேறு. தெருவில் விளையாடும் சிறுவர் தமக்குத் தாமே கட்டிய பாடல்கள் நாடெங்கும் வழங்கி வந்தன. எண்ணும் பாட்டு, கேலிப் பாட்டு, மழையை அழைக்கும் பாட்டு எனப் பலவகைப்பட்ட அவற்றில் குழந்தை தானே பேசியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) அக்குரலை ஏட்டிலக்கியத்திற்கு அழைத்து வரும் வாயிலைத் திறந்தார். 1938இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ தொகுதியில் உள்ள மழலைப் பாடல்கள் இதற்குச் சான்று. கவிமணிக்கு அது பல துறைகளுள் ஒன்றாக இருந்தது. வள்ளியப்பாவுக்கு அதுவே துறையாயிற்று.

3. லட்டுப் பாட்டின் யாப்பு

பொதுவாகக் கூறியதனைச் சிறப்பாக நிறுவுதல் வேண்டும். வள்ளியப்பாவின் பாடல்களுள் தமிழ்நாட்டுக் குழந்தைகள் மிகுதியும் அறிந்தது, தட்டு நிறைய இருந்த லட்டுகளைப் பற்றிய சிறு பாட்டாகும். தட்டில் இருந்தவை எட்டு. கிட்டு என்னும் சிறுவன் பாதியை எடுத்துக்கொள்கின்றான். எஞ்சிய பாதியைத் தங்கை பட்டு உண்கின்றாள். இறுதியில் தட்டு வெறுமையாகின்றது. கதை இவ்வளவே.

இதன் யாப்பினை நோக்குவாம். அடிகள் மூன்று சீர் கொண்டு சிந்தடியாக நடக்கின்றன. சீர்கள் ஈரசையால் இயல்கின்றன. ஒவ்வோர் அடியும் டகர இரட்டிப்பினை உடைய வன்றொடர்க் குற்றியலுகரச் சொல்லால் முடிகின்றது. ஆதலின் பாட்டு முழுவதும் இயைபுத் தொடை அமைகின்றது. கைகொட்டிப் பாடும் குழந்தைக்கு ஒவ்வோர் அடியின் முடிவிலும் கைத்தாளம் தானே விழுகின்றது.

இஃது எவரும் எளிதிற் காண்பது. எளிதிற் காணப்படாத ஒன்று உளது. முதலடியின் இறுதிச் சொல் இரண்டாம் அடியின் முதற்சொல்லாகின்றது. இரண்டாம் அடியின் இறுதிச் சொல் மூன்றாம் அடியின் முதலாகின்றது. மூன்றாம் அடியின் இறுதியில் நின்ற எண்ணுப்பெயர் உருபேற்று நான்காம் அடியைத் தொடங்குகின்றது. இஃது அந்தாதித் தொடையன்றோ? மேலும், முதலடி எச்சொல்லில் முடிந்ததோ, பாட்டின் கடைசி அடியும் அச்சொல்லிலேயே முடிகின்றது. நிறைந்த தட்டில் தொடங்கி வெறுந்தட்டில் முடிந்து, தொடை வட்டமாகின்றது. அந்தாதி இலக்கியங்களில் ஈறும் முதலும் இணைந்து மண்டலித்தலைப் பயின்ற நமக்கு, ஒரு பலகாரத் தட்டினைச் சுற்றி அதன் நிழல் விழுதலைக் காணும்போது மகிழ்ச்சி தோன்றுகின்றது.

மற்றொன்று. லகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது எழுத்திலக்கணம். அவ்விதியை மதிப்போர் ‘இலட்டு’ என்று எழுதுவர். இப்பாட்டின் மூன்றாம் அடி அச்சொல்லைக் கொண்டே தொடங்குகின்றது. ஆங்கு இகரத்தை முன்னிட்டால் நேர்வது யாது? எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல். முதல் நான்கடிகளும் குறிலை அடுத்த டகர மெய்யால் அடியெதுகை பெற்று நிற்கின்றன. இகரம் புகுந்தால் இரண்டாம் எழுத்து லகரமாகி எதுகை கெடும்; முன்னடியோடு பிணைந்த ஓசைச் சங்கிலியும் நெகிழும். ஆகவே எழுத்திலக்கணத்தின் ஒரு விதியை நெகிழ விட்டுத் தொடையிலக்கணத்தைக் காத்தது இப்பாட்டு. குழந்தை தன் வாயால் எவ்வாறு சொல்லுமோ அவ்வாறே அச்சொல் நின்றது. வழக்கும் செய்யுளும் முரணும் இடத்தில் குழந்தை வழக்கே அங்கு வென்றது எனலாம்.

புலவர் இவற்றையெல்லாம் எண்ணி எண்ணி அமைத்தார் என்று நாம் வாதிட வரவில்லை. மரபின் ஓசை செவியில் ஊறியவர்க்கு அது தானே வந்து பொருந்தும். ஆனால் பொருந்தியிருப்பதைக் கண்டு கூறுதல் ஆராய்வோன் கடன்.

பொருளையும் நோக்குதல் தகும். எட்டு என்னும் எண்ணும், பாதி என்னும் பகுப்பும், நான்கும் நான்கும் கூடி எட்டாதலும், இறுதியில் எதுவும் எஞ்சாமையும் இப்பாட்டில் உள. அண்ணன் மிகுதியாக எடுக்கவில்லை, தங்கைக்குக் குறையவில்லை. பகுத்துண்ணுதல் என்னும் தமிழறம் இங்கே நிகழ்ந்துவிட்டது. ஆனால் ‘பகுத்து உண்க’ என்னும் வியங்கோள் பாட்டில் எங்கும் இல்லை. விதியால் கூறப்பட்ட அறம் நிகழ்ச்சியால் காட்டப்படும் அறமாயிற்று. இதுவே முன்னைய அறநூல்களுக்கும் வள்ளியப்பாவின் பாடல்களுக்கும் உள்ள வேறுபாடு.

4. குழந்தைக் கூற்றும் மெய்ப்பாடும்

மாம்பழத்தைப் பற்றிய அவர்தம் பாட்டும் இத்தகையதே. பழத்தின் இனம், விளைந்த ஊர், சுவை, நிறம் என அடுக்கி, அடிதோறும் பழத்தின் பெயரையே ஈறாக வைத்து ஆவலை வளர்த்துச் செல்கின்றது. முடியும் இடத்தில் ஓசை மாறி, ஙகர எதுகை புகுகின்றது. பாடும் குழந்தை தன் தோழர்களை அழைத்துப் பங்கிட்டு உண்ண முனைகின்றது. பெருமை பேசியது தனக்கென்று வைத்துக்கொள்வதற்காக அன்று என்பது அப்போதுதான் புலனாகின்றது.

குழந்தைக் கூற்று முழுமை பெற்று விளங்குவது, மிருகக்காட்சிச் சாலையைப் பற்றிய பாட்டில். தந்தையோடு ஓரிடத்திற்குச் சென்றதாகச் சிறுவன் கூறத் தொடங்குகின்றான். எவ்விடம் என்று கூறவில்லை. குரங்கு, யானை, முதலை, கரடி, சிறுத்தை, சிங்கம் என ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. ஒன்று உறுமுகின்றது, ஒன்று சீறுகின்றது, சிங்கமோ மிக அருகில் நிற்கின்றது. தான் சிறிதும் அஞ்சாமல் வீரனைப் போல் நின்றதாக அவன் பெருமை கொள்கின்றான். அதன் பின்னரே அவ்விடம் மிருகக்காட்சிச் சாலை என்பது வெளியாகின்றது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொண்டு இதனை நோக்கினால் நயம் விளங்கும். பேசுவோனிடத்து நிற்பது பெருமிதம். கேட்போரிடத்து முதலில் தோன்றுவது மருட்கை, அடுத்து அச்சம். கடைசி அடியில் இரண்டும் ஒருங்கே நகையாக மாறுகின்றன. நகைக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் கூறிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினுள் இளமை இங்கே பொருந்துகின்றது. ஆயினும் அந்நகையில் இகழ்ச்சி இல்லை. கூண்டுக் கம்பிகளுக்கு அப்பால் நின்று வீரம் பேசியவன் என்று நாம் அவனை எள்ளுவதில்லை; அவனோடு சேர்ந்தே நகைக்கின்றோம். குழந்தையை மதித்து அதன் வாயிற் சொல்லை வைத்தமையால் வந்த பயன் இது. இதே நிகழ்ச்சியைப் படர்க்கையில் வைத்துப் பெரியவர் ஒருவர் கூறியிருந்தால், பெருமிதம் கேலிப்பொருளாக மெலிந்திருக்கும்.

சொல்லாட்சியும் அக்கூற்றுக்கு இசைந்ததே. தொடர்கள் குறியன. எச்சங்கள் நீண்டு அடுக்கி வருதல் இல்லை; வினைமுற்றுகள் விரைந்து வந்து பொருளை முடிக்கின்றன. உவமைகள் குழந்தை கண்டறிந்த பொருள்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அகராதி தேட வேண்டிய சொல் அரிது; கொச்சையும் அரிது. எழுத்துத் தமிழின் செப்பத்தையும் பேச்சின் ஓட்டத்தையும் ஒருங்கே காத்தல் எளிதன்று என்பதைச் செய்யுள் எழுதிப் பார்த்தவர் அறிவர்.

5. கதைப் பாடலும் உரைநடையும்

வள்ளியப்பாவின் நூல்கள் தனிப்பாடல்களோடு அமையவில்லை. ‘ஈசாப் கதைப் பாடல்கள்’ பிறமொழிக் கதைகளைத் தமிழ்ச் சந்தத்தில் தந்தது. ‘பாட்டிலே காந்தி கதை’ காந்தியடிகளின் வாழ்வைச் சிறுவர்க்குப் பாட்டாக உரைத்தது. ‘நேரு தந்த பொம்மை’, ‘சின்னஞ்சிறு வயதில்’, ‘பெரியோர் வாழ்விலே’, ‘நல்ல நண்பர்கள்’, ‘எங்கள் பாட்டி’, ‘நீலா மாலா’, ‘பர்மா ரமணி’, ‘வேட்டை நாய்’, ‘குதிரைச் சவாரி’ முதலியன அவர்தம் பிற படைப்புகளுட் சில. ஆறுகளைப் பற்றிச் சிறுவர்க்கென அவர் எழுதிய ‘நம் நதிகள்’ நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்து, இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது.

நடுநிலை பிறழாது கூற வேண்டுமாயின், இவையனைத்தும் ஒரே தரத்தின அல்ல. தலைவர்களைப் பற்றிய பாடல்களில் குழந்தைக் கூற்று பின்னடைந்து, அறிந்தவர் அறியாதவர்க்கு உரைக்கும் பழைய முறை மீண்டும் முன்வருகின்றது. நாடு விடுதலை பெற்ற காலச் சூழலில் எழுதிய ஒருவர்க்கு அப்பணி தவிர்க்கவொண்ணாத கடமையாகத் தோன்றியிருத்தல் இயல்பே. ஆயினும் அவர்தம் ஆற்றலின் உச்சியைக் காண விழைவோர் கிட்டுவையும் பட்டுவையும் நாடுவதே தகும்.

6. இதழ்ப் பணியும் சங்கப் பணியும்

ஒருவர் தாமே எழுதுதலோடு அமையாது, பிறரையும் எழுதச் செய்யும்போதுதான் ஒரு துறை வளர்ச்சியுறும். 1940களிலும் 1950களிலும் புதுக்கோட்டையும் சென்னையும் சிறுவர் இதழ்களுக்கு நிலைக்களங்களாக விளங்கின. ‘பாலர் மலர்’, ‘சங்கு’, ‘பூஞ்சோலை’ போன்ற இதழ்களில் வள்ளியப்பா ஆசிரியப் பொறுப்பாற்றினார். வங்கியினின்று ஓய்வு பெற்ற பின்னர்க் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியராக அமர்ந்து, இளம் எழுத்தாளர் பலரை உருவாக்கினார்.

இவற்றினும் பெரிது, 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம். அதன் தோற்றத்திற்கும் வளர்ச்சிக்கும் முதன்மைக் காரணராக விளங்கிய வள்ளியப்பா, பல பொறுப்புகளில் இருந்து அதனை நடத்தினார். தனித்தனியே எழுதி வந்தோர்க்குத் தாம் ஒரு துறையினர் என்னும் உணர்வினை ஊட்டியது அச்சங்கம்.

முடிவுரை

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1982இல் அவருக்குத் ‘தமிழ்ப் பேரவைச் செம்மல்’ என்னும் பட்டம் வழங்கிப் போற்றியது. அதே பல்கலைக்கழகத்தில் 1989 மார்ச் 16 அன்று நடந்த கூட்டத்தில், பட்டப் படிப்பில் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைத்தல் வேண்டும் என்று அவர் உணர்ச்சியோடு வாதாடினார். பேசி அமர்ந்தவர் அந்நிலையிலேயே மயங்கிச் சாய்ந்து உயிர் நீத்தார். ஆகவே அவர்தம் இறுதிச் சொல் குழந்தைகளை நோக்கியது அன்று, நம்மை நோக்கியது. தமிழ்த்துறைகளில் கற்பிப்போரும் கற்போரும் அதனை மறத்தல் தகாது.

அவர் மறைந்து இருபத்தோராண்டுகள் கழித்து, 2010இல், சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கியத்திற்கெனத் தனிப் பரிசு வழங்கத் தொடங்கியது. 2022இல் அவர் பிறந்து நூறாண்டுகள் நிறைந்தன. பரிசும் விழாவும் வேண்டுவனவே. எனினும் ஆராய்ச்சியாளர் ஆற்ற வேண்டிய பணி வேறு.

வள்ளியப்பாவின் பாடல்களுட் பல, ஆசிரியர் பெயர் அறியப்படாமலே வீடுகளிலும் பள்ளிகளிலும் பாடப்படுகின்றன. ஏட்டில் பிறந்த பாட்டு வாய்மொழியிற் கலந்துவிட்டது. கவிஞர் ஒருவர்க்கு இதனினும் சிறந்த பேறு இல்லை. பதிப்பாசிரியர்க்கு இதனினும் பெரிய எச்சரிக்கையும் இல்லை. வாய்மொழியிற் சென்ற பாட்டு சொல் மாறும்; அடி குறையும்; பிறர் பாட்டோடு கலக்கும். 1944, 1954, 1961 ஆகிய ஆண்டுகளில் வந்த தொகுதிகளை ஒப்பிட்டு, எப்பாடல் எப்போது தோன்றியது, ஆசிரியர் எவ்வெவ்விடங்களில் திருத்தினார், வழக்கில் எவ்வாறு மாறியுள்ளது என்று பாடவேறுபாடுகளோடு காணுதல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத் தக்க ஆய்வாகும். ஒரு சொல்லின் முதலில் இகரம் புகுந்தால் எதுகை கெடும் என்று கண்டோம். அத்தகைய நுட்பம் பிழையான அச்சினால் அழிதல் கூடும். சங்கப் பாடலுக்கு நாம் செய்யும் காவலை இதற்கும் செய்தல் வேண்டும்.

தொல்காப்பியர் வகுத்த கூற்று வரிசையில் இடம்பெறாத குழந்தை, இருபதாம் நூற்றாண்டில் ஏடேறிப் பேசத் தொடங்கியது. அதன் முன் அமர்ந்து அது சொல்லியதை எழுதிக்கொண்டவர் வள்ளியப்பா. அதற்குச் செவிகொடுக்க வேண்டும் என்று அவர் நம்மிடம் விடுத்த வேண்டுகோளை ஏற்பதே, அவர்க்கு நாம் ஆற்றும் கடனாகும்.